எறும்பு டாக்டரும் சந்தனப் பெட்டியும்

அதென்ன மல்லிகா, முதுகெலும்புக்குள் கம்பி வைத்து, கரண்ட் விட்டு வலியைப் போக்குவது இப்போது வந்த புது வைத்தியமா? சென்னையில் உன் மச்சானுக்கு அப்படித்தான் சொன்னார்களா? சொல்லட்டும். நீ இந்தத் தெருவுக்குக் குடி வந்து இன்னும் ஒரு பொங்கல்கூடப் போகவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே கேள். ஆயுத பூஜையும் அதுவுமாக நீ இந்தப் பேச்சை எடுத்தாயே, அதைத்தான் சொல்ல வேண்டும். அதோ, இரும்புக் கதவு போட்ட வீடு தெரிகிறதா? என் பெரிய பிள்ளை பால் குடிக்கிற வயசிலேயே அந்த வீட்டு முன்னறையில் இந்த வைத்தியம் நடந்தது. நடத்தியவர் எறும்பு டாக்டர்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பெரிய காஞ்சிபுரம் முழுக்க எறும்பு டாக்டர் என்றால்தான் தெரியும்.

இந்த ஊரில் நின்ற இடத்தில் நின்றபடியே ஜனங்களுக்கு அருள் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள். இன்னொருவர் எறும்பு டாக்டர். பெருமாளாவது வேறு ஊர்களில் படுத்துக்கொள்கிறார், உட்கார்ந்துகொள்கிறார். டாக்டர் எந்த ஊரிலும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. திருமுக்கூடல் பஸ்ஸில் சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கும், இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்டக்டருக்கு ரோஷம் வந்து, தன் துண்டால் ஒரு சீட்டைத் துடைத்துக் காட்டினாராம். டாக்டர் அந்தத் துண்டைப் பாராட்டிவிட்டு நின்றுகொண்டே போனார். முடி வெட்டுவதும் நின்றபடிதான். டாக்டர் நல்ல உயரம், வெட்டுகிறவர் குள்ளம். கடையில் டாக்டருக்குப் போட்ட ஸ்டூல் மேல் அவர் ஏறி நின்றுகொண்டு வெட்டுவார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

கல்யாண வீடுகளில்தான் பெரிய சங்கடம். பந்தியில் உட்கார மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தால் உமக்குக் கௌரவம் குறைந்துபோகுமா என்று ஒரு பெண்ணின் தாய்மாமன் சண்டைக்கே வந்துவிட்டார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இங்கே ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். ஜன்னல் கட்டை மேல் இலையை விரித்து, நின்றபடி ரசம், மோர் வரை ஒரு பிடி பிடித்தார். அதற்குப் பிறகு அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் பாய் போடுவதை விட்டுவிட்டு ஜன்னலைக் கழுவி வைத்தார்கள்.

அப்புறம் அந்தக் கோட்டு. மண் கலரில் கம்பளிக் கோட்டு. அக்கினி நட்சத்திரத்தில் தெரு நாய்கூட சாக்கடை ஓரமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கும், இவர் கம்பளிக் கோட்டோடு நடந்து வருவார். சீமையில் படித்த காலத்தில் உடம்புக்குள் போன குளிர் இன்னும் வெளியே வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். வலது கை எப்போதும் கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று வாய் நிற்கும், பைக்குள் கை எதையோ திருகும், முகம் தெளியும், விட்ட இடத்திலிருந்து பேசுவார். பைக்குள் என்ன என்பதில் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துகிடந்தது. ஒரு கட்சி துப்பாக்கி. ஒரு கட்சி மூக்குப்பொடி டப்பா. என் மாமியார் தனிக்கட்சி, மந்திரித்த எலுமிச்சம்பழம்.

எறும்பு எப்படி வந்தது என்று கேட்கிறாயா? அதுதான் வைத்தியமே. பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதிலிருந்து இரண்டு வயர் வரும், வயர் முனையில் ரப்பர் பட்டை. வலிக்கிற இடத்தில் பட்டையை ஒட்டி, பெட்டியைத் திருகினால் சுருசுருவென்று ஊறும். அந்தப் பெட்டி டார்ச் லைட் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். கருட சேவைக்கு முதல் நாள் ஊரில் ஒரு கடையிலும் பேட்டரி இல்லை, எல்லாவற்றையும் டாக்டர் வாங்கிவிட்டார் என்று அந்த வருஷம் பெரிய பேச்சு.

"எறும்பு ஊறுதாம்மா?" என்பார்.

ஊறுகிறது என்றால் விட மாட்டார். "கருப்பு எறும்பா, செவப்பு எறும்பா?"

கருப்பென்றால் கடிக்காமல் மெல்ல ஊறிக்கொண்டு போகும், அதுதான் சரியான அளவு. சிவப்பென்றால் கரண்ட் அதிகம், குறைப்பார். ஒரு நாள் கூரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கடிக்கிறது கடிக்கிறது என்று துள்ளினார். டாக்டர் குறைத்தார். இன்னும் கடித்தது. பெட்டியையே அணைத்தார். அப்போதும் கடித்தது. பார்த்தால் டாக்டருக்குக் கொடுப்பதற்காகப் பெரியவர் வெல்லம் கொண்டுவந்து, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இது எப்படி வலியைப் போக்கும் என்று கேட்டால் டாக்டர் அழகாகச் சொல்வார். மூளைக்குப் போகிற வாசல் ஒன்றுதானாம், அதுவும் குறுகலாம். எறும்புக் கூட்டம் முதலில் நுழைந்துவிட்டால் வலி வெளியே நிற்க வேண்டியதுதானாம். கருட சேவை அன்றைக்குக் கோபுர வாசலில் நீ பிந்திப் போய் உள்ளே நுழைந்துவிடுவாயா என்று கேட்பார். நுழைய முடியாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் வைத்தியமும் புரிந்துவிட்டது.

இன்னொன்று. வலி என்று யார் வந்து சொன்னாலும் அந்த மனிதர் நம்பினார். மற்ற டாக்டர்கள் ஒன்றுமில்லை போ என்பார்கள். இவர் எங்கே, எப்போது, எது மாதிரி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மி மாதிரி அழுத்துகிறதா, ஊசி மாதிரியா, மிளகாய் மாதிரியா என்பார். என் மாமியார் போய், எனக்கு இடுப்பு வலி எப்போதும் வராது, என் மருமகள் உள்ளே வந்தால்தான் வரும் என்றாள். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். டாக்டர் மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாமியார் இடுப்பில் பட்டையை ஒட்டிவிட்டு, என்னை வெளியே போ, உள்ளே வா, வெளியே போ, உள்ளே வா என்று நடக்க விட்டார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் என்னை மாமியார் எதிரிலேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திருகினார்.

"இப்ப மருமவளும் நிக்குறாங்க, எறும்பும் ஊறுது. வலி எப்படிம்மா இருக்குது?"

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மறந்துபூட்டேன் டாக்டரே" என்றாள். அன்றிலிருந்து அவள் டாக்டரின் பரம பக்தை. என்னோடு சண்டை போடுவதை மட்டும் விடவில்லை. ஆனால் இடுப்பு விஷயத்தில் என்னை இழுக்கவில்லை.

சிரிக்கிறாயே, சிரி. இனிமேல் சொல்வது அவ்வளவு சிரிப்பில்லை. அந்தச் சந்தனக் கல்லை இப்படித் தள்ளு, அரைத்துக்கொண்டே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, அது உனக்குத் தெரியும். சைக்கிளில் பட்டு நூல் வாங்கிக்கொண்டு வரும்போது லாரி மோதியது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. கட்டைக் கால் ஒன்றும் செய்து கொடுத்தார்கள். இனி தறியில் இறங்கிவிடலாம் என்று இருந்தபோதுதான் அந்த வலி வந்தது. எங்கே தெரியுமா? எடுத்துப் போட்டுவிட்ட பாதத்தில்.

இல்லாத கால் எப்படி வலிக்கும் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார், மிதியை ஒரு தரம் மிதிப்பார், அப்படியே உடம்பை வளைத்துக்கொண்டு சுருண்டுவிடுவார். கூட நெய்கிறவர்கள், போன காலுக்கும் சேர்த்துச் செருப்பு வாங்கினாயா என்று கேலி பேசினார்கள். என் மாமியார் ஆஸ்பத்திரிக்கே போய், எடுத்த காலை எங்கே புதைத்தீர்கள், கோணலாகப் புதைத்திருப்பீர்கள், தோண்டி நேராக வையுங்கள் என்று கத்திவிட்டு வந்தாள். மந்திரிக்கிறவர் வந்தார், வேப்பிலை அடித்தார். கேலிக்குப் பயந்து வீட்டுக்காரர் வலி என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு மூலையில் கிடப்பார். தறியில் கட்டின பாவு நூல் அப்படியே நின்றது. அதன் மேல் தூசி படிந்தது.

அவர் கிணற்றடிக்குப் போனால் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். வீட்டில் குடமெல்லாம் நிரம்பி இருந்தாலும் போவேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் டாக்டர் என் மாமியாரின் இடுப்பை விசாரிக்க வந்தார். வந்தவர் மூலையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டார். மாமியார் முந்திக்கொண்டு, அது நிஜ வலி இல்லை, மனப்பிராந்தி என்றாள். டாக்டர் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"எந்தக் காலுபா?"

"போன காலு" என்றார் இவர். அதற்குள் கண் தாழ்ந்துவிட்டது, டாக்டரும் சிரிக்கப் போகிறார் என்று.

"அது தெரியுது. எந்த வெரலு?"

வீட்டுக்காரர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். அத்தனை மாசத்தில் எந்த விரல் என்று ஒருவரும் கேட்டதில்லை, நான்கூடக் கேட்டதில்லை. "கட்டை வெரலுக்குப் பக்கத்து வெரலு சார்" என்றார். "பின்னாடி மடிஞ்சிக்கினு இருக்குது. யாராவது நிமுத்தி வுட்டா தேவலாம்." அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் என்னிடம் கோல மாவு கேட்டார். கட்டைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே வெறும் தரையில் ஒரு கால், ஒரு பாதம், ஐந்து விரல் வரைந்தார். எந்த இடம், விரலால் தொட்டுக் காட்டு என்றார். வீட்டுக்காரர் காட்டக் காட்ட, டாக்டர் குனிந்து அந்த விரலை அழித்து மடங்கின மாதிரி வரைவதும், குதிகாலில் ஒரு புள்ளி வைப்பதுமாக இருந்தார். அந்த நேரம் பார்த்து மோர் எடுத்து வர உள்ளே போயிருந்த என் மாமியார் வெளியே வந்தாள். தரையில் மாவுப் பாதத்தைப் பார்த்தாள். கோகுலாஷ்டமிக் கிருஷ்ணர் பாதம் என்று நினைத்து, மோர்ச் சொம்பை வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். காலை எடுத்ததிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் சிரித்தது அன்றைக்குத்தான். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். எறும்பு முழங்கால் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழி இல்லையே. அப்போதுதான் டாக்டர் சொன்னார், கால் போய்விட்டது, ஆனால் காலிலிருந்து வந்த நரம்பெல்லாம் முதுகுத் தண்டில் இன்னும் இருக்கிறது, எறும்பை அங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று. மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குச் சிநேகிதர் ஒரு டாக்டர் இருந்தார். கூட்டிக்கொண்டு போனார்.

தலைமுடி மாதிரி ஒரு கம்பி, அதை முதுகெலும்புக்குள் விட்டார்கள். முதுகில் விலாவை ஒட்டித் தோலுக்கடியில் அப்பள வட்டத்துக்கு ஒரு வில்லை. முதுகை மட்டும் மரக்க வைத்தார்களே தவிர ஆளை மயக்கவில்லை. எறும்பு எங்கே போகிறது என்று அவர்தானே சொல்ல வேண்டும்? நான் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். குப்புறப் படுத்திருக்கிறார். எறும்பு இடுப்பில் என்கிறார், கம்பியைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். தொடையில் என்கிறார், இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். திடீரென்று பேச்சைக் காணோம். டாக்டர் பயந்துபோய்க் குனிந்து, "எங்கபா ஊறுது?" என்றிருக்கிறார்.

"வெரலுக்கு வந்துடுச்சு சார்" என்றாராம் இவர். "இல்லாத வெரலுக்கு. நிமுந்துக்குது சார்."

டாக்டர் சிரித்த சத்தம் வராந்தாவில் எனக்குக் கேட்டது. உள்ளே யாரோ அவரை அதட்டியதும் கேட்டது.

வீட்டுக்கு வரும்போது இடுப்பில் ஒரு பெட்டி. சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிசு. அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் வளையம். அந்த வளையத்தைத் தோலுக்கடியில் இருக்கும் வில்லைக்கு நேராக முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த பெட்டி. மிச்சப் பட்டுத் துணியில் நான் அதற்கு ஒரு பை தைத்தேன், ஜரிகைக் கரை வைத்து. வீட்டுக்காரர் தறியில் இறங்கினார். வலது காலாலும் கட்டைக் காலாலும் மிதித்தார். நூல் கட்டை வைத்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடின சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சமையல்கட்டில் சும்மா நின்றேன். கிணற்றடிக்கு அவர் தனியாகப் போனார், நான் போகவில்லை.

டாக்டருக்குத் தறியைப் பார்க்க ஆசை. உட்கார மாட்டாரே, அதனால் கோட்டோடு தறிக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு பார்த்தார். மேல் பாதி டாக்டர்தான் வெளியே தெரிந்தார். என் மாமியார் அவருக்கு முன்னால் கற்பூரத் தட்டு காட்டாததுதான் பாக்கி.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். தறி வைத்திருக்கும் வீட்டில் அன்றைக்கு என்ன பண்ணுவோம்? நீயும்தான் பார்க்கிறாயே. நாடா, கத்தரிக்கோல், சுத்தியல், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ போட்டு அடுக்குவோம். அடுக்கிவிட்டால் மறுநாள் விஜயதசமிக்கு மறுபடி பூஜை போட்டு எடுக்கிற வரை ஒன்றையும் தொடக்கூடாது. அந்த வருஷம் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, முதுகிலிருந்து பிளாஸ்திரியைப் பிய்த்து, பெட்டியைக் கழற்றினார். நான் பதறிப்போய் என்ன செய்கிறீர்கள் என்றேன். எனக்குச் சோறு போடுகிறதில் தறிக்கு எவ்வளவு பங்கோ இதற்கும் அவ்வளவு பங்கு, தறிக்கு மட்டும் பூஜை, இதற்கு இல்லையா என்றார். கையாலேயே சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மூன்று பட்டை போட்டார். நடுவில் குங்குமம். திருகுகிற குமிழுக்கு மேல் தனியாக ஒரு பெரிய பொட்டு. ஈர மல்லிச் சரம் சுற்றினார். பெட்டி பார்க்க அம்மன் மாதிரி இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மத்தியானத்துக்குள் வலி வந்துவிட்டது. வேர்த்துக் கொட்டியது. எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன், பூஜையில் வைத்ததை எடுக்கக்கூடாது என்று அவர் துண்டைக் கடித்துக்கொண்டார். மாமியார்கூட, சாமி கோபித்துக்கொள்ளாது எடுடா என்றாள். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, பெட்டியைக் கண்ணில் ஒற்றி எடுத்து மாட்டித் திருகினார். எறும்பு இல்லை. பேட்டரியை மாற்றினார். எறும்பு இல்லை. மாமியார் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். அது செத்துப்போயிருந்தது.

நான் தலைமுடியைக்கூட முடியாமல் இரும்புக் கதவு வீட்டுக்கு ஓடினேன். டாக்டர் வந்தார். எங்கள் வீட்டு ஜன்னல் கட்டை மேல் பெட்டியை வைத்து, சின்னத் திருப்புளியால் திறந்தார். உள்ளே சந்தனம். மல்லிச் சரத்து ஈரத்தோடு குமிழ் ஓட்டை வழியாக இறங்கி, கம்பிக்கெல்லாம் நாமம் போட்ட மாதிரி காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம் கரைந்து ஓடியிருந்தது. டாக்டர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"இதுக்கு சுண்டல் வெச்சீங்களா?" என்றார்.

வைத்தோம் என்று என் மாமியார் சொன்னாள். அவளுக்கு அது கேலி என்று தெரியவில்லை. அவர் கேட்டதும் கேலியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வேறு பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இந்த ஊரில் கிடைக்காது, மெட்ராஸிலும் கிடைக்காது, எழுதிப் போட்டுக் கப்பலில் வர மாசக்கணக்காகும் என்றார். வீட்டுக்காரர் மூலையில் சுருண்டு கிடந்தார். என் தப்பு சார், என் தப்பு சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்னை அறியாமல் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் எடுக்க இல்லை. கை தானாக எடுத்தது. டாக்டர் அந்தக் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, கோட்டின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

மல்லிகா, அந்தக் கோட்டைக் கழற்றி இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. உள்ளே சட்டை. சட்டைக்கு மேல் இடுப்பில் ஒரு வார். வாரில் ஒரு பெட்டி, எங்கள் வீட்டுக்காரருடையது மாதிரியே. கோட்டுப் பையின் உட்புறம் வெட்டியிருந்தது, கை நேராகப் பெட்டிக்குப் போக. துப்பாக்கியும் இல்லை, மூக்குப்பொடியும் இல்லை. வயர் பின்பக்கமாக முதுகுக்குப் போனது. டாக்டர் குமிழைத் திருகி அணைத்தார், கையைப் பின்னால் விட்டுப் பிளாஸ்திரியைப் பிய்த்தார், வளையத்தை எடுத்தார். கொண்டுபோய் எங்கள் வீட்டுக்காரர் முதுகில் ஒட்டினார்.

"எறும்பு?"

"ஊறுது சார்."

"கருப்பா, செவப்பா?"

"கருப்பு சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. சீமையில் பனியில் வழுக்கி விழுந்தவராம். அவருடைய வாத்தியாரே அவர் முதுகில் கம்பி வைத்தாராம். குனிந்தால்கூடச் சமாளிக்கலாமாம், உட்கார்ந்தால்தான் கம்பி அசைந்து எறும்பு வழி தவறிப் போய்விடுமாம். இவர் உட்கார்ந்து நெய்கிறாரே என்று நான் கேட்டதற்கு, இவருக்கு வைத்தது நன்றாக வைத்தது, எனக்கு வைக்கும்போது வாத்தியாருக்கே அது புதுசு என்றார். அந்த வலியிலும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்காரர் பெட்டியைக் கழற்றப் போனார். டாக்டர் விடவில்லை. ஏன் சார் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார் இவர்.

"வலிக்குற டாக்டர் கிட்ட யாருபா வலிக்கு வருவாங்க?" என்றார் டாக்டர். கோட்டை மாட்டிக்கொண்டு, சந்தனப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார்.

அந்தப் பெட்டியை ரேடியோ ரிப்பேர் கடையில் கொடுத்து, அவரும் கூடவே நின்று, கம்பி கம்பியாகச் சுரண்டிக் காய வைத்தார்கள். அது முடிய நிறைய நாள் ஆனது. அதுவரை டாக்டர் ஒரு நாளும் கதவைச் சாத்தவில்லை. வருகிறவர்களுக்கு ரப்பர் பட்டையை ஒட்டி, கருப்பா செவப்பா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நடுவில் பேச்சு நின்றால் கை பைக்குள் போகும், அங்கே ஒன்றும் இருக்காது, வெறும் பையைத் திருகிவிட்டு வெளியே வரும். எங்கள் வீட்டுக்காரர் போய், அந்த அறையின் உத்தரத்திலிருந்து தறிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டுக் கட்டினார், டாக்டர் பிடித்துக்கொண்டு நிற்க. கை உரசாமல் இருக்க அதன் மேல் பட்டுத் துணி சுற்றினார்.

தெரு என்ன பண்ணியது என்கிறாய். வலிக்கிற டாக்டரிடம் யார் வருவார்கள் என்றாரே, அந்த வாரம் வந்த கூட்டம் அதற்கு முன்னால் வந்ததில்லை. பாதிப் பேருக்கு வலியே கிடையாது. வாசல் ஜன்னல் கட்டையில் இட்லி, ஆப்பம், பொங்கல் என்று இடமில்லாமல் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

என் மாமியார் தினமும் போவாள். முதல் நாள் அவளோடு நானும் போனேன். போய் நின்றாள். தன் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எந்த எடத்துல டாக்டரே?" என்றாள். "அம்மி மாதிரியா, மொளகா மாதிரியா?"

டாக்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஊரெல்லாம் அவர் கேட்ட கேள்வியை அவரிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. முதலில் ஒன்றுமில்லைம்மா என்றார். பிறகு மிளகாய் என்றார். பிறகு எங்கே தொடங்குகிறது, எப்படி இறங்குகிறது, மழை நாளில் எப்படி என்று சொல்லிக்கொண்டே போனார். என் மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டு நான் பார்த்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

பெட்டி பிழைத்துவிட்டது. ஆனால் அதை அவர் எங்களிடம் திருப்பித் தரவில்லை. தன் பெட்டியை இவரிடமே விட்டுவிட்டு, சந்தனம் குடித்த பெட்டியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அது சூடானால் சந்தன வாசனை வரும். அப்புறம் டாக்டர் தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும், கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து எங்கள் வீட்டுச் சந்தனம் மணக்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டும்போது கை கூப்பிவிட்டு, அப்புறம் யாரென்று பார்த்துச் சிரிப்பார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே வந்தார். பெட்டிக்குப் பூஜை போட வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. பொட்டு வைப்பதென்றால் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிடு, சாமிக்குத் தெரியும் எதற்கு வைத்தது என்று, என்றார். வீட்டுக்காரர் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டே பூஜை செய்தார். டாக்டர் நின்றபடி சுண்டல் சாப்பிட்டார். கொண்டைக்கடலை, தேங்காய் நிறையப் போட்டு. அது அவருக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு ஒரு ஆயுத பூஜையும் அவர் தவறவில்லை, கண்ணை மூடுகிற வரைக்கும்.

இரு, இரு, ஏதோ தீய்கிற வாசனை வருகிறதே. பேச்சில் சுண்டலை மறந்துவிட்டேன், அடி பிடிக்கிறது. நான் போய் இறக்கிவிட்டு வருகிறேன். நீ டாக்டர் சுண்டல் தின்ற அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து வை. அங்கே இல்லை மல்லிகா, தரையில் வைக்காதே. ஜன்னல் கட்டை மேல் வை. அவர் உட்கார மாட்டார்.